நோராம்மா பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகள்

கண் விழித்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை. மரம் இல்லை, ஊர் இல்லை, தரைகூட இல்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று கண்ணாடியில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மே மாதத்துத் திருச்சியிலிருந்து வந்தவள் நான். அங்கே அந்த மாதத்தில் தெருக்குழாயே கொதிக்கும். இங்கே சேலைத் தலைப்பை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டும் பல் தந்தியடித்தது.

"இது எந்த ஊருங்க?" என்று எதிரே இருந்த பெரியவரைக் கேட்டேன்.

"வட்டவளைங்க. இங்க எப்பவும் இப்படித்தான். மழை இல்லாட்டி மேகம், மேகம் இல்லாட்டி மழை."

பெட்டி நிறைய வெள்ளை உடுத்திய சிங்கள யாத்திரிகர்கள். சிவனொளிபாத மலைக்குப் போகும் பருவத்தின் கடைசிக் கூட்டம் அது என்றார் பெரியவர். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் தூக்கக் குரலில் மறு வரி பாடினார்கள். நடு வயது அம்மாள் ஒருத்தி, எண்ணெயில் பொரித்துத் தலையில் சின்னக் கொண்டை வைத்ததுபோல் இருந்த பணியாரம் ஒன்றை என் கையில் வைத்து ஏதோ சொன்னாள். "மலைக்குப் போறவங்க குடுக்கிறத வேணாங்கக் கூடாதாம்" என்று பெரியவர் மொழிபெயர்த்தார். கருப்பட்டி வாசனை வந்தது. எங்கள் அதிரசத்துக்குத் தூரத்துச் சொந்தம். தின்று முடிப்பதற்குள் மறுபடி தூங்கிவிட்டேன். ஹட்டனில் அவர்கள் எல்லாரும் இறங்கிப் போனதை, பாட்டு தேய்ந்து போவதாகக் கனவில்தான் கேட்டேன்.

நான் வந்த காரியம் இதுதான். என் அண்ணன் அந்தோணி, லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தான். அவனுடைய ஒரே மகள் ஞானம். படிப்பில் கெட்டி. அவளைத் திருச்சிக்குக் கூட்டி வந்து, நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஜூனில் எங்களுக்குப் பள்ளி திறக்கிறது. அதற்குள் ஊர் திரும்ப வேண்டும்.

தலவாக்கொல்லையில் இறங்கி பஸ் ஏறினேன். பக்கம்தான் என்றார்கள். ஆனால் பஸ் இரண்டு வளைவு ஏறியதும் மேகம் வந்து மூடிக்கொண்டது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் அவர் பின்னால் கன்றுக்குட்டிபோல ஊர்ந்தது. சிறிது நேரத்தில் துண்டும் தெரியவில்லை. அவர் பாடிக்கொண்டே நடந்தார், டிரைவர் பாட்டைக் கேட்டு ஓட்டினார். பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். மடியில் லீக்ஸ் கட்டுடன் இருந்தவள், "பாட்டு நின்னாத்தான் பயப்படணும் அம்மா" என்றாள்.

அண்ணன் இருந்த தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஏதோ ஸ்காட்லாந்து ஊரின் பெயர். ஜனங்கள் அதைத் தொப்பித்தோட்டம் என்றார்கள். எந்தக் காலத்திலோ ஒரு துரையின் தொப்பி காற்றில் பறந்து போனதாம், கடைசி வரை கிடைக்கவே இல்லையாம். தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கூரை வீடு. சுவரில், பாயில், அண்ணியின் தலைமுடியில்கூட வாடுகிற கொழுந்தின் வாசனை. பச்சைப் புல்லும் வெந்நீரும் கலந்த மாதிரி ஒரு வாசனை அது.

அண்ணி ரொட்டியும் தேங்காயும் மிளகாயும் செக்கச்செவேல் என்று இடித்த சம்பலும் வைத்தாள். சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் போட்டிருந்தாள். கண்ணில் நீர் வழிய வழியத் தின்றேன். குளிருக்கு அதைவிட நல்ல கம்பளி வேறு இல்லை.

ஞானம் கதவருகே நின்றாள். பன்னிரண்டு வயதுக்கு உயரம் அதிகம். இரண்டு பின்னல், கைமுட்டியில் ஒட்டுப் போட்ட கம்பளிச் சட்டை. "அத்தை, அங்க லைப்ரரி இருக்குதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். இருக்கிறது, அலமாரி அலமாரியாக இருக்கிறது என்றேன். முகம் மலர்ந்தது. அடுத்த கணமே என்னவோ நினைவுக்கு வந்தவள்போல மலர்ச்சி அடங்கிவிட்டது.

அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் அண்ணன் பேசினான்.

"பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடி ஆயிருச்சு மேரி. நான் சின்ன வயசுலயே வந்தவன், இவ இங்கயே பொறந்தவ. ஆனா எந்த நாட்டுப் புள்ளன்னு கேட்டா வாய மூடிக்கிட்டு நிக்கணும். அங்க போயாவது படிக்கட்டும்."

"லீவுக்கு வந்து போகலாமில்ல?"

"விட மாட்டாங்க. போனா போனதுதான்."

அண்ணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை அவள் நிறுத்தவில்லை. அடுப்போ நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை ஞானத்துடன் பள்ளிக்குப் போனேன். வாத்தியாரம்மாவுக்கு விடுமுறையிலும் வேறு போக்கிடம் ஏது!

வழியெல்லாம் மேகத்துக்குள் நடந்தோம். தொழிலாளர் வீடுகளான லயத்து வரிசையின் கடைசி வீட்டு வாசலில் நின்று ஞானம் "சிட்டு" என்று கூப்பிட்டாள். சாக்கை மழைக்குக் கொங்காணியாகத் தலையோடு போட்டுக்கொண்டு ஒரு துளிப் பெண் வெளியே வந்தாள். ஐந்து, ஆறு வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் ஞானத்தின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா விடியும்போதே பெரட்டுக்குப் போய், ஆள் கணக்குக் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறியிருப்பாள். அப்படியே இன்னும் நாலைந்து வாசல்களில் நாலைந்து பிள்ளைகள். மேகத்துக்குள் மற்ற பாதைகளிலும் இதுபோன்ற சின்னச் சின்னக் கூட்டங்கள் இறங்கி வருவது காதில் விழுந்தது. கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. மலையே பிள்ளைக் குரலில் பேசிக்கொள்வது போலிருந்தது.

பள்ளி என்பது ஒரு நீளமான கட்டிடம், பக்கத்தில் சின்னக் கோயில். அயர்லாந்திலிருந்து வந்த கன்னியாஸ்திரீகள் கட்டியது. இப்போது அங்கே இருந்த அயர்லாந்துக்காரர் ஒருவர்தான், சிஸ்டர் நோரா. எல்லாருக்கும் நோராம்மா. சிவந்த முகம், பெரிய கைகள். பிள்ளைகள் எல்லாரும் இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளுமாகத் தோட்டத்துப் பிள்ளைகள்தாம்.

படிக்கட்டில் நான் கண்ட காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னப் பிள்ளை காலை நீட்டிக்கொண்டு நின்றது. விரலிடுக்கு, கணுக்கால், முழங்காலின் பின்பக்கம் எல்லாவற்றையும் பெரியவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். அட்டை இருந்தால் ஈரச் சோப்பைத் தொட்டு வைப்பார்கள். அது சுருண்டு விழும். ரத்தம் நிற்கத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, "நேத்து படிச்சத சொல்லு" என்பார்கள். சின்னது எழுத்துகளைச் சொல்லும். கால் சுத்தமான பிறகுதான் மணி. மணி அடிப்பதும் ஒரு பெரிய பிள்ளைதான்.

உள்ளே சின்ன வகுப்பில் ஒரு கணப்பு எரிந்தது. அதற்கு விறகு பெரிய பிள்ளைகளின் பொறுப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த குச்சியை மிலாறு என்பார்கள். ஆளுக்கொரு மிலாறு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். பதினோரு மணி வாக்கில் பாலும் பணிஸ் என்ற பன் ரொட்டியும் பங்கிடுவதும் அவர்கள்தாம். பெரிய பையன்கள் இருவர் கிடாரத்தைத் தூக்கி வந்தார்கள், ஒரு பெண் ஊற்றினாள், இன்னொருத்தி யார் குடிக்காமல் கொட்டுகிறார்கள் என்று கழுகுக் கண்ணோடு நின்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பெரிய பிள்ளையும் தன் சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் வாசித்தது. மழை கூரையில் விழ, முப்பது நாற்பது குரல்கள் தாழ்ந்து முணுமுணுக்க, நானே ஒரு பெஞ்சில் சாய்ந்து கண் சொக்கிப் போனேன். எங்கள் பள்ளியில் பெரிய பெண்களுக்கு நாங்கள் கொடுத்திருந்த பொறுப்பு ஒன்றே ஒன்று. டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது.

நோராம்மா எனக்கு அவித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கொடுத்தார். அவர் பேசிய தமிழைக் கேட்டுத்தான் நான் அசந்து போனேன். மதுரைப் பக்கத்துக் கிழவி ஒருத்தி வெள்ளைத் தோலுக்குள் புகுந்த மாதிரி இருந்தது.

"எங்கூர்லயும் இதே மழைதாங்க டீச்சர். பள்ளிக்கூடம் ஒத்த ரூமு. கணப்புக்குப் பெரிய புள்ளைங்கதான் எரிக்கிற மண்ணுக்கட்டி கொண்டு வரணும். சேத்து நிலத்துல வெட்டிக் காய வச்ச மண்ணு. ஆளுக்கு ஒண்ணு. நான் என் தம்பிக்கும் சேத்து ரெண்டு கொண்டு போவேன். இங்க வந்தேன், மண்ணு எரியல, மிலாறு எரிஞ்சுது. அவ்வளவுதாங்க வித்தியாசம்."

"ஊருக்குத் திரும்பிப் போனீங்களா?"

"இல்லீங்க." இன்னொரு கிழங்கை உரித்து என் தட்டில் வைத்தார். "நான் கப்பல் ஏறுறதுக்கு முந்தி எங்க வீட்ல ஊரையே கூப்பிட்டாங்க. பாட்டு, ஆட்டம், சாப்பாடு. விடியறப்ப எங்கம்மா ஓங்கி அழுதாங்க. செத்தவங்களுக்கு அழுவாங்களே, அதே மாதிரி. நான் முன்னாலயே உக்காந்திருக்கேன்! போறவங்களுக்கு எங்கூர்ல அப்படித்தாங்க."

ஞானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணன் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தான். "போன்னும் சொல்ல மாட்டேன், இருன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் நோராம்மா. "ஆனா அவ ஒண்ணு செய்யணும். பெரிய புள்ளைங்க பள்ளிக்கூடத்த விட்டுப் போறப்ப, தன்னோட சின்னப் புள்ளைய இன்னொருத்தர் கையில குடுத்துட்டுப் போகணும். வருஷக் கடைசில எல்லாரும் சேந்து செய்வாங்க. இவ இப்பவே செய்யணும். இன்னும் சிட்டுகிட்ட வாயே தொறக்கல."

சிட்டுவைப் பற்றி அவர்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் அப்பாவும் அக்காவும் போன வருஷம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சாவுக்குப் போனார்கள். திரும்பி வர அனுமதி கிடைக்கவில்லை. அதிலிருந்து சிட்டு பள்ளியில் ஞானத்தைத் தவிர ஒருவரிடமும் பேசுவதில்லை.

அன்றைக்குத் திரும்பும் வழியில் ஞானத்திடம் கேட்டேன்.

"உனக்குத் திருச்சிக்கு வர இஷ்டம்தானே?"

"இஷ்டம்தான் அத்தை. ரொம்ப." சிட்டுவின் வாசலைத் தாண்டும் வரை காத்திருந்து சொன்னாள். "அதனாலதான் அவகிட்ட சொல்ல வாய் வரல. இஷ்டம் இல்லாம போறேன்னா அழுதுட்டே சொல்லிடுவேன்."

என் வகுப்பில் இதுவரை எந்தப் பெண்ணும் இப்படி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

அடுத்து வந்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. எல்லா நாளும் ஒரே வெண்மை, ஒரே ஈரம், இடையிடையே மேகம் விலகும்போது எதிர்மலையில் திடீரென்று ஒரு அருவி. நான் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன், பணிஸ் தின்றேன். ஒரு நாள் மத்தியானம் நோராம்மா சொன்னபடி ஞானம் சிட்டுவை அழைத்துக்கொண்டு கணப்பருகே வந்தாள். காமாட்சி என்ற பெண் அங்கே நின்றாள். அவள் தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து புதிதாக வந்தவள். குட்டை, குண்டுக் கன்னம், எதற்கும் சிரிக்கிற முகம்.

"சிட்டு, அக்கா ஊருக்குப் போறேன். இனிமே காமாட்சி அக்காதான் உன்னைக் கூட்டிட்டு வருவாங்க. சரியா?"

சிட்டுவின் கையை எடுத்துக் காமாட்சியின் கையில் வைத்தாள். சிட்டு கையை உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அழவில்லை. ஞானம் மறுபடி வைத்தாள், சிட்டு மறுபடி உருவினாள். சுற்றி நின்ற பெரிய பிள்ளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். காமாட்சியின் சிரிப்பு கோணிப்போயிற்று. ஞானம் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் பால் பங்கிட்டு முடிந்த நேரம். ஒரு குவளை குடிக்கப்படாமல் பெஞ்சில் இருந்தது. சிட்டுவைக் காணோம்.

யாரும் கூச்சல் போடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நோராம்மா வாசலுக்கு வருவதற்குள் பெரிய பிள்ளைகளே பிரிந்துவிட்டார்கள். மூவர் சின்னவர்களை உள்ளே கூட்டி வைத்துக் கதை சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பையன் லயத்துக்கு ஓடினான். இன்னொருவன் மணியடிக்கப் போனான், அவள் சத்தம் கேட்டுத் திரும்பி வரட்டும் என்று. மற்றவர்களை ஞானம் பள்ளிக்கு மேலே தேயிலை தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"ஆளுக்கொரு நெரை புடிங்க. நெரைய விட்டு யாரும் மாறக் கூடாது. பேரச் சொல்லிக்கிட்டே ஏறுங்க."

கொழுந்து பறிப்பவர்கள் அப்படித்தான் செடி வரிசையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். நானும் ஒரு வரிசையில் நுழைந்தேன். இடுப்பளவு ஈரச் செடிகள் இரு பக்கமும் சேலையைப் பிடித்து இழுத்தன. சிறிது தூரம் வரை வலப்பக்கமும் இடப்பக்கமும் "சிட்டூ" என்ற குரல்கள் கூடவே வந்தன. ஒரு பாறை குறுக்கிட்டது. அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தபோது நான் எந்த வரிசையில் இருந்தேன் என்று தெரியவில்லை.

மேகம் இறங்கியது. குரல்கள் நின்றுபோயின, அல்லது எனக்குக் கேட்காமல் போயின. மணிச்சத்தம் மட்டும் கேட்டது. மேலேயிருந்து வருகிறது என்று ஏறினால் கீழேயிருந்து வந்தது. கீழே இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஒலித்தது. கையை நீட்டினால் விரல் நுனி தெரியவில்லை. பயமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் உண்மையில் எனக்கு வந்தது வேறு மாதிரி ஒரு மயக்கம். நான் திருச்சிக்காரி, டீச்சர், ஒரு காரியமாக வந்தவள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக்குள் கரைந்து போய், வெறுமனே நின்றுகொண்டிருந்தேன்.

காலடியில் யாரோ தும்மினார்கள்.

ஒரு செடியின் அடியில், சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு சிட்டு குந்தியிருந்தாள். நானும் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தேன். பேசினால் ஓடிவிடுவாளோ என்று பேசாமல் இருந்தேன். வெகு நேரம் கழித்து அவளே பேசினாள். அவள் குரலை அன்றுதான் கேட்டேன். சளி கட்டிய, கொஞ்சம் தடித்த குரல்.

"நீங்கதான் அக்காவக் கூட்டிட்டுப் போறவங்களா?"

"ஆமாம்மா."

"கடலுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா."

"அங்க அட்டை இருக்குதா?"

"இல்லை. அங்க மழையே கம்மி."

அவள் நன்றாக யோசித்தாள். "அப்ப அக்கா அங்க என்ன செய்வாங்க?"

படிப்பாள் என்றேன். நிறையப் புத்தகம் இருக்கிறது, எல்லாவற்றையும் படிப்பாள் என்றேன். திரும்பி வருவாளா என்று அவள் கேட்கப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அப்போது செடிகளை விலக்கிக்கொண்டு யாரோ விழுந்து எழுந்து வரும் சத்தம் கேட்டது. காமாட்சி. பாவாடை கிழிந்து, முழங்காலில் ரத்தம், கன்னமெல்லாம் கண்ணீர். எங்களைப் பார்த்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"சிட்டு, எனக்கு வழி தெரியல. இந்த மலை எனக்குப் புதுசு. கத்திக் கத்திப் பாத்தேன், ஒருத்தரும் வரல. பயமா இருக்குதுடீ."

நடிப்பில்லை. அந்தப் பெண் உண்மையாகவே அழுதாள். சிட்டு அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர், இரண்டும் உதவாத கேஸ் என்று முடிவு செய்திருக்க வேண்டும். எழுந்து சாக்கைச் சரி செய்துகொண்டாள்.

"இந்தா இருக்குல்ல கான்" என்று நீர் வடிய வெட்டியிருந்த சின்ன வாய்க்காலைக் காட்டினாள். "தண்ணி கீழதான் போவும். நம்மளும் அதோட போவணும்."

பிறகு கையை நீட்டி, காமாட்சியின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். நான் காமாட்சியின் மறு கையைப் பிடித்துக்கொண்டேன். ஓடும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டபடி மூவரும் இறங்கினோம்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் கூடி நின்றார்கள். ஞானம் ஓடி வந்தாள். சிட்டுவுக்கு முன்னால் மண்டியிட்டாள். அணைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் சிட்டு காமாட்சியின் விரலை விடாமலே சொன்னாள்: "இவங்களுக்கு வழியே தெரியல அக்கா. நாந்தான் கூட்டிட்டு வந்தேன்."

ஞானம் சிட்டுவின் கையையும், அது பிடித்திருந்த விரலையும் பார்த்தாள். தன் கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "சரி, காலைக் காட்டு" என்று ஒரு அட்டையை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். நோராம்மா எங்கள் மூவருக்கும் சூடாகப் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா, பிறகு வந்து கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். அண்ணன் பதறினான். "அடுத்த வருஷம் காயிதம் குடுப்பாங்களோ மாட்டாங்களோ. இந்தக் காயிதத்துக்காகக் கண்டி ஆபீசுக்கு எத்தன தடவ நடந்தேன்னு உனக்குத் தெரியாது மேரி."

அதுவரை என் எதிரில் அண்ணி ஒரு கருத்தும் சொன்னதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அவளத்தான் கேளுங்களேன். நாம மூணு பேரும் பேசிக்கிட்டே இருந்தா எப்படி?"

ஞானம் அம்மாவைப் பார்த்தாள். "நான் போறேன்மா" என்றாள்.

அண்ணி தலையாட்டினாள். "வெங்காயம் ரொம்பக் காரம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வைத்த மீன்குழம்பு மாதிரி நான் எந்த ஊரிலும் சாப்பிட்டதில்லை. யாருக்கும் அதிகம் இறங்கவில்லை என்பது வேறு.

புறப்பட்ட காலை அபூர்வமாக வெயில். தொப்பித்தோட்டம் முழுவதையும் அன்றுதான் நான் ஒரு சேரப் பார்த்தேன். இத்தனை நாள் இதற்குள்ளா இருந்தோம் என்றிருந்தது. மலைச் சரிவெங்கும் கொழுந்துக்காரப் பெண்களின் கூடைகள். அதில் ஒருத்தி சிட்டுவின் அம்மாவாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது படிக்கட்டில் கால் பார்க்கும் நேரம். வேலையை விட்டுவிட்டு யாரும் ஓடி வரவில்லை. பெரிய பிள்ளைகள் நிமிர்ந்து, ஈரக் கையைத் தூக்கி அசைத்தார்கள். நோராம்மா மட்டும் கேட் வரை வந்தார். ஞானத்தின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, "அழ மாட்டேன், போ. எங்கம்மா எல்லாருக்கும் சேத்து அழுது முடிச்சிட்டாங்க" என்றார்.

ரயிலில் ஞானம் தூங்கவே இல்லை. மலை சமவெளியாகி, சமவெளி மணலாகி, மணலில் பனைமரங்கள் தோன்றியதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். "அத்தை, மேகம் எங்க போச்சு?" என்று ஒரு தடவை கேட்டாள். அவ்வளவுதான்.

தலைமன்னாரில் காற்று கண்ணில் மணலை அள்ளிப் போட்டது. கப்பல் ஏறுமுன் காகிதங்களைச் சரிபார்க்க ஒரு மேசை. அதன் பின்னால் சிங்கள அதிகாரி ஒருவர். வழுக்கைத் தலை, களைத்த முகம், பக்கத்தில் ஆறிப்போன தேநீர். என்னுடையதைப் பார்த்து முத்திரை குத்தினார். ஞானத்தின் காகிதத்தை வெகு நேரம் புரட்டினார். பிறகு ஏதோ கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஞானம் சிங்களத்தில் பதில் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். லிந்துலை என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

அவர் ஆங்கிலத்தில் என் பக்கம் திரும்பினார். இந்தக் காகிதத்தில் இந்தப் பிள்ளை திரும்பி வர இடமில்லை, அது உங்களுக்குத் தெரியும் அல்லவா என்றார். தெரியும் என்றேன். அவர் கை முத்திரைக் கட்டையின் மேல் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு ஓங்கிக் குத்தி, காகிதத்தை ஞானத்திடமே நீட்டினார். நீட்டும்போது, குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "கிஹில்லா என்ன."

கடைசியில் 'என்ன' என்று முடிந்ததால் இன்னும் ஏதோ கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். வேறு காகிதம் வேண்டுமோ என்று பதற்றத்துடன் பையைத் திறந்தேன்.

"என்ன கேக்கிறாரு ஞானம்?"

"ஒண்ணும் கேக்கல அத்தை" என்றாள் ஞானம். அவள் இன்னும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வரச் சொல்றாரு."